சாவடி, தொழுமரம், தலையாரி... சூளகிரி மலையடிவாரத்தில் ஓர் அதிகாரக் கதை!

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிப் பேருந்தில் வருபவர்கள் ஓசூரைத் தாண்டி அரை மணி நேரத்தில் அந்த மலையைப் பார்த்துவிடலாம். சூலத்தின் முனைகள்போல வானத்தைக் குத்தி நிற்கும் பாறை மலை. சூலகிரி என்ற பெயர்தான் மருவி சூளகிரி ஆனது என்பார்கள்.

மலையடிவாரத்தில் வரதராஜப் பெருமாள் கோயில், நெடுஞ்சாலையோரம் கன்டெய்னர் லாரிகள், அதிகாலையிலேயே கொத்தமல்லி, புதினாக் கட்டுகள் வந்து குவியும் சந்தை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசைகட்டும் கம்பெனிப் பேருந்துகள். டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இப்போது இந்தியும் சேர்ந்திருக்கிறது.

பலரும் இந்த ஊரை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துவிடுகிறார்கள். கொஞ்சம் இறங்கி நடந்தால், ஒரு கேள்விக்கான விடை இந்த மண்ணில் படிந்திருப்பது தெரியும். போலீஸ் ஸ்டேஷனும் தாலுகா ஆபீஸும் இல்லாத காலத்தில், ஒரு கிராமத்தில் திருடனைப் பிடித்தது யார்? சண்டையைத் தீர்த்தது யார்? அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா?

பாளையக்காரரின் காவல்

ஓசூர் வட்டாரத்தில் பாகலூர், பேரிகை போலவே சூளகிரியும் ஒரு பாளையம். தன் எல்லைக்குள் வழிப்பறி நடக்காமல் பார்த்துக்கொள்வது பாளையக்காரரின் பொறுப்பு. அதற்காக ஊர்கள் அவருக்குக் காவல் வரி கொடுத்தன. ஊருக்குள் தலையாரி இருந்தார். பொருள் திருடுபோனால் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் காவல்காரர்களே ஈடு கட்ட வேண்டும் என்பது பழைய வழக்கம்.

ஊர் நிர்வாகத்துக்கென்று ஒரு குழுவே உண்டு. ஊர்த் தலைவர் மணியக்காரர். சில ஊர்களில் பட்டேல், கவுடர். நிலக் கணக்கு எழுதுபவர் கர்ணம். கன்னடம் பேசும் ஊர்களில் சானுபோகர். ஏரித் தண்ணீரைப் பங்கிட்டு விட நீர்கட்டி. இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மானிய நிலமும், அறுவடையின்போது களத்தில் அளக்கும் தானியப் பங்குமே ஊதியம். வேலை பெரும்பாலும் தந்தைக்குப் பின் மகனுக்கு.

மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791 ஜூலையில் பக்கத்து ராயக்கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. மேட்டு நிலமான ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானிடமே இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அதுவும் கம்பெனிக்குச் சேர்ந்தது. இன்று ஒரே பேருந்துப் பயணத்தில் கடக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே, ஏழு ஆண்டுகள் இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லை இருந்திருக்கிறது.

தருமபுரியில் பாடம் படித்த மன்றோ

பாராமகாலை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்த மன்றோ, தருமபுரியில் தங்கியிருந்தார். ரீட்டும் உதவியாளர்களும் ஊர் ஊராகச் சென்று வயல் வயலாக அளக்கச் செய்தார்கள். ஜமீன்தார் யாரும் நடுவில் இல்லாமல் விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்ட இடங்களில் இது முக்கியமானது.

மக்களோடு நேரடியாகப் பேசிய அந்த ஆண்டுகளில், கிராமத்தை ஓட்டுவது மணியக்காரரும் கர்ணமும் தலையாரியும்தான் என்பதை மன்றோ கண்டுகொண்டார்.

ஆனால், 1802-ல் சென்னை மாகாணத்தில் கம்பெனி வேறு வழியில் போனது. வங்காளத்து மாதிரியில் ஜில்லா நீதிமன்றங்கள் வந்தன. பாளையக்காரர்களின் காவல் உரிமை பறிக்கப்பட்டு, தரோகா என்ற சம்பளப் போலீஸ் அதிகாரிகள் வந்தனர். ஊருக்குப் புதியவரான தரோகாவுக்கு யார் யோக்கியர், யார் கேடி என்பது தெரியாது. பத்து ரூபாய்க் கடனுக்கு வழக்குப் போட, பல நாள் நடந்து ஜில்லா தலைநகரம் போக வேண்டியிருந்தது.

பத்து ரூபாய் நீதிமன்றம்

இந்த முறையை மாற்ற 1814-ல் மன்றோ தலைமையில் ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் விளைவாக 1816-ல் வரிசையாகச் சட்டங்கள் வந்தன. அவை சென்னை மாகாணக் கிராமங்களின் தலையெழுத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு எழுதின என்றே சொல்லலாம்.

தரோகா பதவி ஒழிந்தது. கலெக்டரே மாஜிஸ்திரேட் ஆனார். தாசில்தார் போலீஸ் அதிகாரியும் ஆனார். கிராமத்தில் மணியக்காரருக்கு முன்சீப் என்ற தகுதி கிடைத்தது. பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளை அவரே விசாரித்துத் தீர்க்கலாம். குற்றவாளியைப் பிடித்து அனுப்புவதும் அவர் வேலை. கர்ணமும் தலையாரியும் அவருக்கு உதவ வேண்டும்.

ஏறக்குறைய அதே சமயத்தில், கடல் கடந்த அயர்லாந்தின் கிராமங்களிலும் இதே தலைவலி இருந்தது. அங்கே நிலச்சுவான்தார்களே மாஜிஸ்திரேட்டுகள். குத்தகை விவசாயிகளின் கலகத்தை அவர்களால் அடக்க முடியவில்லை. 1814-ல் ராபர்ட் பீல், மேலிடத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு சிறப்புப் போலீஸ் படையை உருவாக்கினார். 1836-ல் அயர்லாந்தின் பெரும்பகுதிக்கும் ஒரே ஆயுதப் போலீஸ் வந்தது. அதாவது, அயர்லாந்தில் உள்ளூர்க்காரரிடமிருந்து அதிகாரம் எடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் உள்ளூர்க்காரரிடமே அது திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கேட்பதற்கு இரண்டாவது நல்லதாகத் தெரிகிறது அல்லவா? நம் ஊர், நம் ஆள், நம் தீர்ப்பு! ஆனால் ‘நம் ஆள்’ என்பதில் யாரெல்லாம் அடக்கம் என்பதில்தான் சிக்கலே.

12 மணி நேரமும் 6 மணி நேரமும்

1816-ம் ஆண்டின் 11-வது ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸைப் பற்றியது. கெட்ட வார்த்தையில் திட்டுவது, சிறு கைகலப்பு போன்ற குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டனை தரலாம் என்றது. என்ன தண்டனை? ஊர்ச் சாவடியில் 12 மணி நேரத்துக்கு மிகாமல் அடைத்து வைக்கலாம்.

அதோடு நிற்கவில்லை. குற்றம் செய்தவர் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் சட்டமே சொன்னது. தொழுமரம் என்பது துளைகள் போட்ட கனமான மரக்கட்டை. அதில் கால்களை நுழைத்துப் பூட்டிவிட்டால் நகர முடியாது. ஊரே வேடிக்கை பார்க்கும்.

ஒரே சண்டை, ஒரே வசவு. ஒருவருக்குச் சாவடித் திண்ணை. இன்னொருவருக்குத் தொழுமரம். இந்த வித்தியாசம் ஊர்ப் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. அச்சடித்த சட்டமாகவே இருந்தது.

தண்டனை கொடுத்தவர் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். தண்டனை வாங்கியவர் பல சமயம் அந்த நிலத்தில் வேலை செய்தவர். யாரிடம் போய் முறையிடுவது? வரி வாங்குபவர், போலீஸ், நீதிபதி மூவரும் ஒருவரே!

கிட்டி போட்ட காலம்

ஒரே கையில் இத்தனை அதிகாரம் சேர்ந்ததன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. வரி பாக்கியை வசூலிக்க விவசாயிகளின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரித்தார்கள். இதன் பெயர் கிட்டி. ஆளைக் குனியவைத்து, கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தினார்கள். இதன் பெயர் அண்ணாந்தாள்.

1854-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இது விவாதமானது. சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டு, 1855-ல் அறிக்கை வெளியானது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. 1857-ல் கார்ல் மார்க்ஸ் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரைக்கும் இந்த விசாரணையே ஆதாரம்.

பிறகு 1859-ல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் தனி, போலீஸ் தனி என்று பிரிக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் ஜெனரல் பதவி உருவானது. இன்று சூளகிரி காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் தனித்தனிப் படி ஏறுகிறோம் என்றால், அந்தப் பிரிவினையின் தொடக்கம் அங்கேதான்.

முன்சீப் வீட்டுப் பிள்ளை

தாலுகாவில் மாற்றம் வந்தாலும் கிராமத்தில் முன்சீப்பும் கர்ணமும் தொடர்ந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமானால், ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளிக்குப் போகலாம். அந்த ஊர் முன்சீப்பாக இருந்த சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்காருக்கு 1878 டிசம்பர் 10-ல் ஒரு மகன் பிறந்தார். அவர்தான் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த ராஜாஜி.

ராஜாஜி பிறந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். கூட்டமில்லாத நாளில் போனால் அமைதியாகச் சுற்றிப் பார்க்கலாம். சுவரில் உள்ள படங்கள் தேசத்தின் வரலாற்றைச் சொல்லும். கூடவே, ஒரு கிராம முன்சீப்பின் வீடு இது என்பதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

முடிவுக்கு வந்த பரம்பரை

தந்தைக்குப் பின் மகன் என்ற முறைக்கு முதல் அடி 1960-ல் விழுந்தது. ஆந்திராவின் ஒரு கிராம முன்சீப் பதவி குறித்த வழக்கில், பரம்பரையைக் காரணம் காட்டி அரசு வேலை கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் மூலம் முன்சீப், கர்ணம் உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரி பதவிகளை மொத்தமாக ஒழித்தது. தமிழகம் முழுக்க 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே உத்தரவில் பதவி இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. இன்று டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி யார் வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்காரலாம். தொழுமரத்தில் மாட்டப்பட்டவரின் கொள்ளுப்பேத்திக்கும் அந்த உரிமை உண்டு.

இன்றும் கணக்குதான் அதிகாரம்

கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. சூளகிரியைச் சுற்றி இன்று நிலம்தான் பேச்சு. சிப்காட் வளர்கிறது, தொழிற்சாலைகள் வருகின்றன, வேலையும் வருகிறது. 2023-ல் உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பகுதி விவசாயிகள், தங்கள் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுக்கக் கூடாது என்று தொடர் போராட்டம் நடத்தினார்கள். இன்னொரு பக்கம், 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர். நில அளவையில் விழுந்த பெயர்ப் பிழையைத் திருத்த மனுவோடு அலையும் குடும்பங்களை எந்தத் தாலுகா அலுவலகத்திலும் பார்க்கலாம்.

பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பீடு, அவருக்குத்தான் பேச்சு. ரீட் காலத்து அளவுச் சங்கிலியிலிருந்து இன்றைய ஆன்லைன் பட்டா வரை மாறாத விதி இது. அதனால், உங்கள் குடும்ப நிலத்தின் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை செல்போனிலேயே பார்த்துவிடுங்கள். ஒருகாலத்தில் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் கைகட்டி நின்றால்தான் தெரிந்த விஷயம் அது.

எப்படிப் போகலாம்?

ஓசூர், கிருஷ்ணகிரி இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது சூளகிரி. இரு பக்கமிருந்தும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. காலையில் சந்தையையும் கோயிலையும் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் தொரப்பள்ளி போகலாம். நேரம் இருந்தால் ராயக்கோட்டைக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். மலை ஏறுபவர்கள் தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

வழி தெரியாவிட்டால் ஊரில் யாரையாவது கேளுங்கள். கிராம உதவியாளர் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். தலையாரி என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள்.

200 ஆண்டுகளில் சாவடி போய்விட்டது. தொழுமரமும் போய்விட்டது. அந்தப் பெயர் மட்டும் இன்னும் ஊரில் வேலை பார்க்கிறது.