வெந்நீர் ஊற்றின் ஈரமண்

2018ஆம் ஆண்டு பத்ரிநாத யாத்திரையை நிறைவு செய்து, ஜோஷிமடத்தில் ஸ்ரீநரசிம்மரைச் சேவித்தபின், நானும் என் மனைவியும் பவிஷ்ய பத்ரிக்குப் புறப்பட்டோம். தபோவனத்தைக் கடந்தால் சால்தார். மலைப்பாதை தொடங்கும் அவ்விடத்தில் ஆவி பறக்கப் பொங்குகிறது ஒரு வெந்நீர் ஊற்று.

என் மனைவி அதன் அருகிலிருந்த ஈரமண்ணை விரலால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தச் சூட்டில் எந்த உயிரும் தங்காது. வெறும் சேற்றுக்கு என்ன வணக்கம்?" என்று கடிந்துகொண்டேன். அவள் மறுமொழி கூறவில்லை.

2021 மே மாதம் தாம்பரத்தில் அவளுக்குக் கடுங்காய்ச்சல். மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சென்றனர். முடிவுக்காகக் காத்திருந்த அந்த இரவில் எனக்குத் துணையாகத் தொலைபேசியில் பேசியவள், உயிரித்தொழில்நுட்பம் பயின்ற எதிர்வீட்டுப் பெண்.

"கிருமியின் மரபணு இழை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிப் பெருக்குவார்கள், மாமா. உங்கள் கூட்டு வட்டி போலத்தான். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சிதையாத நொதியை முதலில் தந்தது, அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக் கண்டறிந்த பாக்டீரியா" என்றாள்.

மறுநாள் முடிவு வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை தொடங்கியதால் இறையருளால் அவள் மீண்டாள்.

பின்னர் தேடிப் படித்தபோது மற்றொன்றும் அறிந்தேன். அல்மோராவில் உள்ள கோவிந்த் வல்லப பந்த் இமயமலை ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள், சால்தார் ஊற்றைச் சுற்றியுள்ள மண்ணையே ஆராய்ந்து 2004இல் வெளியிட்டுள்ளனர். வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் அதில் வாழ்கின்றன. பெரும்பாலானவை கோல் வடிவமுள்ள பேசில்லஸ் வகை. எல்லோஸ்டோன் பாக்டீரியா வேறு இனம். ஆயினும் வெம்மையில் வாழும் வரம் இரண்டுக்கும் உண்டு. உயிரற்ற சேறு என்று நான் இகழ்ந்த மண், கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் இல்லம்!

அன்று மாலை விளக்கேற்றிய வேளையில் அவளிடம் இதைக் கூறி வருத்தம் தெரிவித்தேன். அவள் புன்னகைத்தாள்.

"நெருப்பில் இட்டும் பிரகலாதனைக் காத்தவன், இவற்றை மட்டும் கைவிடுவானா? தூணிலும் துரும்பிலும் இருப்பவன் அந்தச் சேற்றிலும் இருந்தான். நரசிம்மரைச் சேவித்த மறுநாளே அதை மறந்துவிட்டீர்களே!" என்றாள்.

வெந்நீர்த் தீர்த்தங்களுக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சோப்பு நுரையையும் நெகிழிப் பொட்டலங்களையும் அம்மண்ணில் விட்டு வராதீர்கள். அங்கே குடியிருப்போர் உண்டு.