சுவர் இல்லாத நீச்சல்குளம்: அரியமான் கடலில் என் முதல் 2 கி.மீ.!

காலை 5.30 மணி. ராமநாதபுரம் மாவட்டம், அரியமான் கடற்கரை. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இன்னும் இருட்டு விலகவில்லை. என் வலது தோளில் ஒரு அண்ணன் கறுப்பு மார்க்கரால் 47 என்று எழுதுகிறார். "நம்பர் எதுக்குண்ணா? தொப்பியிலதான் இருக்கே" என்று கேட்டேன். "தொப்பி கழண்டுக்கும்மா. தோள் கழறாது" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பதிவுசெய்திருந்தது 2 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் போட்டி. நீச்சல்குளத்தில் இல்லை, கடலில். நீச்சல் கற்றுக்கொண்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நான் இங்கே நிற்பது அம்மாவுக்குத் தெரியாது.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஐந்து வயது. சுனாமி பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா ஓடியது. அடுத்த சில நாள் என் மணிக்கட்டு வீங்கியிருந்ததாம். பக்கத்து வீட்டு அத்தை அன்று திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை. சில்வர் பீச்சுக்கு உறவினர்கள் கிளம்பினால், "நான் சோறு வடிக்கணும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அதனால் இந்தப் பயணத்துக்கு அவரிடம் நான் சொன்ன காரணம், "பாம்பன்ல பாசி எடுக்கிற அக்காங்களைப் பத்தி எழுதப் போறேன்மா." அது பொய் இல்லை. ஆனால், பாதி உண்மைதான்.

பாசி அக்கா சொன்ன பாடம்

சென்னை எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் ராமநாதபுரம். அங்கிருந்து பேருந்தில் பாம்பன். இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து ஏறியதும் இரண்டு கடலையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம். அதையொட்டி 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலம்.

இந்தப் பக்கத்து மக்கள் பாக் விரிகுடாவைப் 'பெண் கடல்' என்றும், மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் சொல்வார்கள். முன்னது சாந்தமாக இருக்கும், பின்னது அலை அடித்துச் சீறும். என் போட்டி பெண் கடலில்தான் என்பதில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

சின்னப்பாலத்தில் நான் சந்தித்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறு வயதிலிருந்தே கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பாசி போடும் பை. ஆக்சிஜன் சிலிண்டரெல்லாம் கிடையாது. இழுத்த மூச்சு தீர்வதற்குள் அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நோன்புக் காலத்தில் பல வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அதன் மூலப்பொருள் இப்படிப்பட்ட பாசிகளிலிருந்துதான் வருகிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்தத் தீவுகளுக்குப் பக்கத்தில் போவதில் கட்டுப்பாடுகள் வந்தன. ஆனாலும், இவர்களின் பிழைப்பு இந்தக் கடலில்தான். இந்தச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, 2015-ல் 'சீகாலஜி' என்ற சர்வதேச விருதைப் பெற்றவர்.

பேட்டி முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன், "அக்கா, நாளைக்கு நான் அரியமான்ல நீச்சல் போட்டியில கலந்துக்கிறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு தாயி?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "சும்மாதான்க்கா. அது பெண் கடல்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு..."

பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். "ஏன், பொம்பளைக்குக் கோவம் வராதாக்கும்? வாடைக் காத்து அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில வந்து பாரு. அந்தக் கடலும் ஆடும். அப்ப இந்தப் பக்கம் சாந்தமா இருக்கும்" என்றார் அக்கா. அதாவது ஆண், பெண் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். பாக் நீரிணையை நீந்திக் கடப்பவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் இறங்குவதற்கும் இதுதான் காரணம்.

கிளம்பும்போது அக்கா ஒரு விஷயம் சொன்னார். "உள்ள போனதும் திக்குனு இருக்கும். பதறுனா மூச்சு சீக்கிரம் தீந்துரும். எதையாச்சும் எண்ணிக்கிட்டே இரு. நான் எம் புள்ளைக பேரைச் சொல்லிக்கிட்டேதான் முங்குவேன்."

12 வயதில் கடந்த கடல்

நான் நீந்தப் போகும் இந்தக் கடலுக்கு நீச்சல் வரலாற்றில் பெரிய இடம் இருக்கிறது. இலங்கையின் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் பாக் நீரிணையை நீந்திக் கோடியக்கரைக்கு வந்தார். 1966-ல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். அதே ஆண்டில் ஜிப்ரால்டர் உட்பட மொத்தம் ஐந்து நீர்ப்பரப்புகளைக் கடந்தார். 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் இங்கே போய்த் திரும்பி, இரு வழியும் நீந்தினார். 1994-ல் நம் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்தபோது வயது 12! அதே ஆண்டில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தார். ஆட்டிசம் பாதிப்புள்ள ஜியா ராய் 2022-ல் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு நீந்தி வந்தபோது அவருக்கு வயது 13.

தலைமன்னார் - தனுஷ்கோடி தூரம் சுமார் 30 கிலோமீட்டர். நான் நீந்தப் போவதோ வெறும் இரண்டு. இந்தக் கணக்கை முந்தின நாள் இரவு லாட்ஜில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டேன். தூக்கம் வரவில்லை.

விசில் அடித்ததும்...

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். அறுபது பேர் இருந்திருப்போம். எனக்குப் பக்கத்தில் பதினோரு வயதுப் பையன், "அக்கா, உங்களுக்கு இதுதான் ஃபர்ஸ்ட்டா?" என்று கேட்டான். எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "கழுத்துல வாசலின் தடவியிருக்கீங்களாம்மா? உப்புத் தண்ணியில உரசி உரசிப் புண்ணாயிடும்" என்று தன் டப்பாவை நீட்டினார்.

விசில் அடித்தது. அரியமானில் கடல் சட்டென்று ஆழமாகாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் பிறகுதான் நீந்த ஆரம்பித்தோம். முதல் நூறு மீட்டர் அழகாக இருந்தது. கீழே பச்சைப் பசேலென்று கடற்புல். இங்கே 'தாழை' என்பார்கள். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது இதைத்தான். இந்தக் கடற்பசுக்களுக்காகவே 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

அப்புறம் தரை காணாமல் போனது. கண்ணாடிக்கு முன்னால் வெறும் பச்சை. நீச்சல்குளத்தில் கீழே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். உதைத்துத் திரும்பும் அந்த ஒரு நொடி ஓய்வு எவ்வளவு பெரியது என்பது அன்றுதான் தெரிந்தது. 2 கிலோமீட்டர் என்றால் குளத்தில் 80 முறை. இங்கே அந்தச் சுவர்கள் ஒன்றுகூட இல்லை.

யாருடைய காலோ என் கண்ணாடியில் பட்டது. உள்ளே தண்ணீர். மூச்சு எடுக்கத் திரும்பியபோது ஒரு சின்ன அலை. வாய் நிறைய உப்பு. இருமினேன். இன்னொரு வாய் உப்பு. நிமிர்ந்து பார்த்தால் கரை எங்கோ ஒரு கோடாகத் தெரிந்தது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், இழுக்கிறேன், போதவே இல்லை.

அப்போது ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. 'எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மாவுக்கு யாரோ போன் பண்ணுவார்கள். பாம்பனில் பேட்டி எடுக்கப் போன பொண்ணு ஏன் கடலில் இருந்தாள் என்று அவருக்குப் புரியவே புரியாது.'

கையைத் தூக்கினேன்.

கயாக் படகில் இருந்த அண்ணன் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார். "படகைப் புடிச்சுக்கம்மா. புடிச்சா ரூல்ஸ்படி அவுட் இல்ல. படகு நகராம இருந்தாப் போதும். மொதல்ல மூச்ச வெளிய விடு." அப்போதுதான் உறைத்தது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன், விடவே இல்லை. பழைய காற்று வெளியே போகாமல் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பாசி அக்கா சொன்னதுபோல எண்ணினேன்.

"கரைக்குப் போலாமா?" என்றார். போகலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால், முதல் மிதவை முப்பது நாற்பது மீட்டரில்தான் ஆரஞ்சு நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "அது வரைக்கும் போய்ப் பார்க்கிறேண்ணா" என்றேன். "நான் கூடவே வர்றேன்" என்றார்.

அந்த மிதவையிலிருந்து அடுத்த மிதவை. கிழக்கே திரும்பியதும் சூரியன் நேராகக் கண்ணில். பத்து கைவீச்சுக்கு ஒருமுறை முதலைபோலக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கித் திசை பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் விட்டபோதெல்லாம் நீவாடு என்னை இழுத்துப் போயிருந்தது. கடலில் ஓடும் நீரோட்டத்துக்கு மீனவர்கள் சொல்லும் பெயர் அது. 2 கிலோமீட்டருக்கு நான் நிச்சயம் கூடுதலாகவே நீந்தியிருப்பேன்!

கடைசித் திருப்பத்தில் ஏதோ ஒன்று காலைத் தொட்டது. சொறிமீனோ என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. குனிந்து பார்த்தேன். தாழை! தரை வந்துவிட்டது. அந்தப் புல்லைப் பார்த்து நான் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன்.

1 மணி 14 நிமிடம். கடைசியிலிருந்து இரண்டாவது இடம். பதினோரு வயதுப் பையன் உடை மாற்றி, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "சூப்பர்க்கா" என்றான், வாயில் சட்னியோடு.

நீங்களும் இறங்கப் போறீங்களா?

* குளத்தில் போட்டித் தூரத்தைவிடக் கூடுதலாக, நிற்காமல் நீந்திப் பழகுங்கள். சுவரைத் தொடாமல் திரும்பிப் பழகுவது இன்னும் நல்லது.

* போட்டிக்கு முன்பாக ஒருமுறையாவது பயிற்சியாளரோடு கடலில் நீந்துங்கள். நான் செய்யாமல் விட்டது இதுதான்.

* தனியாகக் கடலில் இறங்கவே இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத்தில் தொப்பி, இடுப்பில் கட்டும் மிதவை இரண்டும் அவசியம்.

* கரையில் இருக்கும் மீனவர்களிடம் காற்றும் நீவாடும் எப்படி என்று கேளுங்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

* சொறிமீன் பட்டால் தேய்க்கவோ, நல்ல தண்ணீரில் கழுவவோ கூடாது. உடனே மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

* பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். கையைத் தூக்கி உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

* கடைசியாக, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்கு ஒரு போன்

பதக்கம் கழுத்தில் தொங்க, சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தூக்கியதையும் சொன்னேன்.

எதிர்முனையில் சத்தமே இல்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"தலைக்கு நல்லா அலசுனியா? உப்பு நிக்கும், முடி கொட்டிடும்."

"அலசிட்டேம்மா."

மறுபடியும் கொஞ்ச நேரம் அமைதி. "தண்ணி... எப்படி இருந்துச்சு?"

இருபது வருடத்துக்கும் மேலாகக் கடலைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி அது. என்ன சொல்வது என்று யோசித்தேன். "வெதுவெதுன்னு இருந்துச்சும்மா. கீழ புல்லு தெரிஞ்சுச்சு" என்றேன்.

"புல்லா? கடலுக்குள்ளயா?"

"ஆமாம்மா. வீட்டுக்கு வந்து போட்டோ காட்டுறேன்."

"சரி, சாப்பிட்டுட்டுக் கிளம்பு. அடுத்த தடவை சொல்லிட்டுப் போ" என்று வைத்துவிட்டார்.

'போகாதே' என்று அவர் சொல்லவில்லை. அடுத்த மார்ச்சுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டு!