முன்சக்கரத்தின் நடுக்கம்

பெரகலையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் சரிவில் மோட்டார் சைக்கிளின் முன்பாகம் நடுங்கினால், ஓட்டுபவனைப் பழிப்பது எளிது. புதிய டயர் வாங்கச் சொல்வது அதனினும் எளிது. தோட்டத்து இளைஞனுக்கோ அவ்விலை, தாய் பல நாள் பறித்த கொழுந்து.

பணத்தைத் தொடுமுன் வண்டியைத் தொட்டுப் பார்ப்போம். முதலில் டயரின் காற்று. பின்னே கட்டிய மரக்கறி மூடையும் முன்சக்கரத்தை இலேசாக்கி நடுக்கும். அடுத்து, முன்சக்கரம் நிலத்தில் படாதவாறு நிறுத்தி, போர்க்கின் அடியைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்'கென்கிறதா? பெரும்பாலும் ஹேண்டில் கழுத்தின் குண்டுகள் தளர்ந்திருக்கும், இறுக்கினால் தீரும். மெல்லத் திருப்புகையில் ஹேண்டில் நேர்நிலையில் சிக்கி நின்றால், குண்டுகள் அமரும் கிண்ணங்களில் குழி விழுந்துவிட்டது. அப்போது இறுக்குவது வீண், மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தைச் சுழற்றினால் ரிம்மின் கோணல் தெரியும். பக்கவாட்டில் ஆடினால் பெயரிங்கைப் பார்க்கவேண்டும்.

அக்கிண்ணங்களைக் குழிப்பவை தோட்டப் பாதையின் பள்ளங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணி செய்யத் தடையாய் நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அன்றுவரை அப்பாதைகளுக்கு வரி வாங்கும் அரசு இருந்தது. செப்பனிடும் சபை இல்லை! இனிச் சபைக்கு எழுதும் மனுவில், மாற்றிய கிண்ணங்களின் பற்றுச்சீட்டையும் இணைக்குமாறு எம் பழைய மாணவரிடம் சொல்லியிருக்கிறோம்.