இரண்டு குறிப்பேடுகள்

காலை முதல் வகுப்பு வேதியியல். அதில் அவள் எழுதிக்கொண்ட வாக்கியம்: பிணைப்பை முறிக்க ஆற்றல் வேண்டும், பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளிப்படும். அன்றே மூன்றாம் வகுப்பில், செல் உயிரியல் குறிப்பேட்டில் எழுதியது: ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு முறியும்போது அதில் சேமிக்கப்பட்டிருந்த ஆற்றல் வெளிப்படுகிறது. ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியின் முதலாண்டு அது. பள்ளி முழுவதும் தெலுங்கு வழியில் படித்துவிட்டு, மேற்கு கோதாவரியின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவள். ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் தன் மொழிக்குப் பெயர்த்த பிறகே அவளுக்குப் பொருள் விளங்கும். அதனாலேயே முரண் அவள் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தைச் சரளமாக ஒப்பித்தவர்களுக்குப் படவில்லை.

எழுந்து கேட்டாள். "அது கெமிஸ்ட்ரி, இது பயாலஜி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதேம்மா" என்றார் ஆசிரியை. வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் தீங்கு ஏதுமில்லை. ஆயினும் அந்தப் பருவம் முடியும்வரை அவள் மறுபடி எழவில்லை.

அவள் ஐயம் சரியானது. ஏ.டி.பி.யிலும் பிணைப்பை முறிக்க ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. ஆனால் முறிவு தனியே நிகழ்வதில்லை. நீர் மூலக்கூறு ஒன்று வினையில் கலந்துகொள்கிறது, புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. மூன்று பாஸ்பேட்டுகள் ஒரே வரிசையில் தம் எதிர்மின்சுமைகளோடு நெருக்கியடித்து நின்ற நிலை தளர்கிறது. விடுபட்ட பாஸ்பேட் உடனிசைவால் நிலைப்படுகிறது. சுற்றியுள்ள நீர் அதை இன்னும் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. வினையின் முடிவில் இருப்பவை தொடக்கத்தில் இருந்தவற்றைவிட நிலையானவை. அந்த வேறுபாடே திட்ட நிலையில் மோலுக்கு 30.5 கிலோஜூல். ஆற்றல் பிணைப்புக்குள் பூட்டிவைக்கப்பட்ட பொருளன்று. இரண்டு நிலைகளுக்கு இடையிலான இறக்கம்.

பின் ஏன் பிணைப்பின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள்? 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மான் ஆற்றல்மிகு பாஸ்பேட் பிணைப்பு என்ற வழக்கைப் பரப்பி, அதற்கென ஒரு நெளிகோட்டையும் குறியீடாக்கினார். அவருக்கு அது கணக்கை எளிதாக்கும் சுருக்கெழுத்து. பாடநூல்களில் அது விளக்கமாகவே மாறிவிட்டது. வேதியியலில் பிணைப்பாற்றல் மிகுதி என்றால் முறிப்பது கடினம் என்று பொருள். உயிர்வேதியியலில் அதே சொற்கள் ஏறக்குறைய எதிர்ப்பொருளில் வழங்குகின்றன. ஒரே வளாகத்தில், இரண்டு மணி நேர இடைவெளியில். தெலுங்கில் வேதிப் பிணைப்புக்கும் உறவுக்கும் பந்தம் என்பதே சொல். பந்தம் அறுந்தால் ஆதாயம் வரும் என்று அவள் வீட்டில் எவரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாள்.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. ஏ.டி.பி.யும் நீரும் கலந்த கரைசல், வினை முழுதும் ஓய்ந்து சமநிலை எய்தும்வரை விடப்பட்டதாகக் கொள்வோம். அப்போதும் மிகச் சில ஏ.டி.பி. மூலக்கூறுகள் மிஞ்சியிருக்கும். அவற்றிலும் அதே பிணைப்பு, அதே நெளிகோடு. அவற்றைக் கொண்டு ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. உயிருள்ள செல்லோ ஏ.டி.பி.யைத் தொடர்ந்து ஆக்கி, அதன் அளவைச் சமநிலைக்கு வெகு தொலைவில் நிறுத்தி வைக்கிறது. அதனால்தான் அங்கே அதே வினை ஏறக்குறைய 50 கிலோஜூல் தருகிறது. ஒரு நாளில் மனித உடல் தன் எடைக்கு நிகரான ஏ.டி.பி.யைச் சிதைத்து மீண்டும் ஆக்குகிறது. எந்த நொடியிலும் கையிருப்பு அதில் மிகச் சிறு பங்குதான். மைட்டோகாண்ட்ரியாவின் ஓயாத உழைப்பு இதற்குத்தான். "ஆற்றல் நாணயம்" என்ற உவமையில் இந்த உழைப்பு மறைந்துபோகிறது. நாணயம் பெட்டியில் கிடந்தாலும் மதிப்புக் குறையாது அல்லவா?

இடையில் ஒன்று. 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களாக ஜெர்மனியின் கார்ல் லோமானும், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க், எல்லப்பிரகட சுப்பாராவ் இருவரும் குறிக்கப்படுகிறார்கள். சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் முறையை ஃபிஸ்கும் அவரும் 1925இல் வெளியிட்டார்கள். அந்தக் கல்லூரியின் ஆய்வகக் கையேட்டில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை ஒரு பயிற்சியாகவே இருக்கிறது. அவர் தன் மாவட்டத்துக்காரர் என்பது அந்த மாணவிக்கு மூன்றாமாண்டு வரை தெரியாது.

விடையை அவள் இரண்டாமாண்டில் நூலகத்தில் கண்டாள். வெளியே எடுத்துச் செல்ல விடாத லெனிஞ்சர் பாடநூலில், ஆற்றல் அந்தப் பிணைப்பு முறிவதிலிருந்து வருவதாக எண்ணுவது தவறு என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பக்கத்தை நகலெடுத்து அதே ஆசிரியையிடம் கொண்டுபோனாள். அவர் நின்றுகொண்டே முழுதும் படித்தார். "சரிதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா விடைக்குறிப்புல இப்படி இருக்காதேம்மா" என்றார்.

பருவத் தேர்வில் அந்தக் கேள்விக்கு 5 மதிப்பெண். முதல் வரியில் விடைக்குறிப்புக்கு வேண்டியதை எழுதி, அடுத்த பத்தியில் அது ஏன் பொருந்தாது என்றும் எழுதினாள். 4 கிடைத்தது.