எங்க வீட்டு முற்றத்தில் பூத்த உப்பு



இந்தத் தாளுக்கு ஏதாவது எழுதித் தா என்று தமிழ் ஐயா கேட்டாங்க. எனக்குக் கவிதை வராது. அதனால் எங்க வீட்டு முற்றத்தைப் பத்தி எழுதுறேன். இதில் ஒரு தப்பு வருது. இல்லை, ரெண்டு தப்பு. ரெண்டும் என்னுடையதுதான்.

எங்க வீடு முத்தையாபுரம் பக்கம். வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் செங்கல் பாவியிருக்கு. தாத்தா தன் கையால் பாவியது. சிமெண்ட் கிடையாது. மணலைச் சமமாகப் பரப்பி, அதன் மேல் செங்கலை அடுக்கி, இடுக்கில் மணலை நிரப்பியிருக்காங்க, அவ்வளவுதான். மழை பெய்தால் தண்ணீர் இடுக்கு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனால் கிணத்தடிப் பக்கம் வெயில் விழாது. அங்கே பாசி பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேய்க்கணும். ஒரு வாரம் அண்ணன், ஒரு வாரம் நான்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. உப்பளங்கள் எல்லாம் மூழ்கிப் போச்சு. எங்க முற்றத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. அது வடிந்த பிறகு செங்கல் மேல் வண்டல். வண்டலைத் தள்ளினால் அடியில் பச்சையாய்ப் பாசி.

ஜனவரி முதல் ஞாயிறு என் முறை. "படிக்கணும்" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்த்தேன். ரெண்டு நாள் கழித்து விடியக்காலையில் ஆச்சி கிணத்தடிக்குப் போனாங்க. சத்தம் கேட்டு ஓடினோம். வழுக்கி விழுந்து கிடந்தாங்க. வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டுக் கூட்டிட்டு வந்தோம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுட்டு மறந்திருப்பேன். எங்க ஆச்சி முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவங்க. உப்பு வாரிய அந்தக் கை, சோத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூனைப் பிடித்து நடுங்கும்போது நான் வேற பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

இனி இந்த முற்றத்தில் பாசியே பிடிக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். செங்கல் மேல் பூசுகிற சீலர் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது, கல் பளபளவென்று இருக்கும். உண்டியல் காசோடு அப்பாவிடம் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து ஒரு கேன் வாங்கினேன். அண்ணனும் நானும் முற்றத்தை நல்லாத் தேய்த்துக் கழுவினோம். மறுநாள் சாயங்காலமே பூச ஆரம்பித்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "ஏட்டி, காயட்டும்ட்டி. அடியில ஈரம் இருக்கு" என்றார்கள். "மேல காஞ்சிட்டு ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் பூசி முடித்தேன். 'நன்கு உலர்ந்த பிறகு பூசவும்' என்று கேனிலேயே எழுதியிருந்தது. அதையும் நான் பிறகுதான் படித்தேன்.

ஒரு வாரம் முற்றம் புதுசு மாதிரி மின்னியது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டுப் போனாங்க. மார்ச் மாத வெயிலில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாய்த் திட்டு விழுந்தது. துடைத்தால் போகவில்லை, ஏன்னா அது பூச்சுக்கு அடியில் இருந்தது. அப்புறம் சில செங்கலில் மேல்தோல் பொரிந்து செதில் செதிலாய் உதிர்ந்தது.

காரணத்தை அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செங்கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி குமிழியாய் வரும், பார்த்திருப்பீங்க. அதன் உள்ளே அவ்வளவு நுண்ணிய துளைகள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அந்தத் துளைகளில் அடி ஈரம் மேலே ஏறும். நம்ம ஊர் நிலத்தடி நீரில் உப்பு இருக்கு. செங்கல்லிலும் கொஞ்சம் உப்பு உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். மூடாத கல்லாக இருந்தால் உப்பு வெளியே வந்து மாவு போலப் பூக்கும். நாம் மேலே மூடிவிட்டால் உள்ளேயே படிகமாகி வளர்ந்து கல்லைத் தள்ளும். கல் உடையும்.

இதை ஆச்சியிடம் சொன்னபோது சிரிச்சிட்டாங்க. "இதத்தானட்டி அளத்துல நாங்க செஞ்சோம்" என்றார்கள். போர் போட்டு உப்புத் தண்ணியை எடுத்துப் பாத்தி பாத்தியாய் மாற்றி வெயிலில் வைப்பார்களாம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அது போமே அளவில் 3 டிகிரி அளவுக்கு வரும். வெயிலில் காய்ந்து காய்ந்து 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு விளைய ஆரம்பிக்கும். அதுவரைக்கும் யாரும் அவசரப்படுத்த முடியாது. என் முற்றமும் ஒரு சின்ன உப்புப் பாத்திதான். நான் அதுக்கு மூடி போட்டுவிட்டேன்.

சரி, இப்போ என்ன செய்ய? ஆசிட் ஊற்றலாம் என்று அண்ணன் சொன்னான். அதுக்கு டீச்சர் சம்மதிக்கவில்லை. ஆசிட் சுண்ணாம்பை அரிக்கும், மண்ணையும் கெடுக்கும். நம்ம கடல் முத்தும் கால்சியம் கார்பனேட்தான், அதையே அது கரைத்துவிடும் என்றார்கள். பாசிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் விஷவாயு வரும். இதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி சொன்னது ஆச்சிதான். "தாத்தா சிமெண்ட் போடாமத்தான பாவிருக்காவ. பேத்துத் திருப்பிப் போடு." கட்டு பிரித்திருந்தாலும் கையில் பலம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் யோசனை சொன்னாங்க. பெரிய லீவில் பதினோரு நாள் வேலை. பூச்சுப் பக்கம் அடியில் போச்சு, பழைய அடிப்பக்கம் மேலே வந்தது. பொரிந்த கல்லை மட்டும் மாற்றினோம். சில கல்லின் அடியில் தாத்தாவின் விரல் பதிந்த மாதிரி மணல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட எனக்கு மனசே வரவில்லை.

உங்க வீட்டிலும் செங்கல்லோ பேவர் பிளாக்கோ பாவியிருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுறேன்.

உப்பு பூத்திருந்தால் முதலில் தண்ணீர் ஊற்றாதீங்க. ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த வாரியலால் கூட்டி அள்ளி வெளியே போடுங்க. பாசியைத் தேங்காய் நாரால் தேயுங்க. கம்பி பிரஷ் கல்லைக் கீறும், கீறலில் பாசி மறுபடி ஒட்டும். இடுக்கில் மணல் குறைந்திருந்தால் கழுவிய ஆற்று மணலோ எம் சாண்டோ போடுங்க. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கு. சீலர் பூசித்தான் ஆகணும் என்றால், ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளைக் கல் மேல் விரித்து நாலு ஓரமும் அழுத்தி வையுங்க. காலையில் அடியில் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். காய்ந்த பிறகும் பளபளப்பாய் மூடுகிற வகையை வாங்காமல், ஆவியை வெளியே விடுகிற வகையைக் கேட்டு வாங்குங்க. அடியில் உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் பூசாமல் விடுவதே நல்லது. நாங்கள் அப்படித்தான் விட்டுவிட்டோம்.

இப்போ ஞாயிற்றுக்கிழமை முறையெல்லாம் எங்களுக்குள் இல்லை. கிணத்தடிப் பக்கம் முழுசும் என் பொறுப்பு. நானாகக் கேட்டு வாங்கினது. ஆச்சியின் மணிக்கட்டு கொஞ்சம் வளைந்துதான் சேர்ந்திருக்கு. இப்போ கையால்தான் சாப்பிடுறாங்க. விடியக்காலையில் கிணத்தடியில் வாளிச் சத்தம் கேட்கும்போது நான் கண்ணைத் திறக்காமலே காதைக் கூராக்கிக்கொண்டு படுத்திருப்பேன். ஆச்சி நடந்து திரும்பித் திண்ணையில் உட்கார்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.



– பிளஸ் 1 மாணவி