அத்தானின் பத்மினியும் பின்பக்கக் கமானும்

கோயில், ஏரி, தறி, பழைய பஸ் கதைகள் என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கார் பந்தயத்துக்குத் தாவிவிட்டானே என்று நினைக்க வேண்டாம். பந்தயத்துக்கும் நம்மூருக்கும் தூரம் அதிகமில்லை. தென்னேரியிலிருந்து சுங்குவார்சத்திரம் போய் நெடுஞ்சாலை ஏறினால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காற்று இந்தப் பக்கம் வீசினால் எங்கள் வீட்டு மாடிக்குச் சத்தம் கேட்கும் என்று என் மருமகன் சொல்வான். எனக்கு இதுவரை கேட்டதில்லை. காதும் இப்போது அப்படித்தான்.

மருமகன் என்றால் என் அக்கா மகன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேலை. அவனுக்கு அப்பா விட்டுப்போன சொத்தில் ஒன்று வெள்ளை நிறப் பிரீமியர் பத்மினி. அத்தான் நெசவாளர். தறியில் உட்கார்ந்தே காலம் போனவர், நாலு தறி எட்டுத் தறியானபோது பழைய பத்மினி ஒன்றைப் பிடித்தார். புடவைக் கட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு தி.நகர் போய் வருவார். மழைக்காலத்தில் வண்டிக்குள் ஒரு சொட்டு ஒழுகினால்கூட அன்று யாரோடும் பேச மாட்டார். அவர் போனபிறகு வண்டி கொட்டகையில் துணி மூடிக் கிடந்தது. விற்கவும் அக்காவுக்கு மனசு வரவில்லை, ஓட்டவும் ஆள் இல்லை.

அந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்று ஒருநாள் பையன் வந்து நின்றான். போட்டிக்கு அல்ல. சொந்த வண்டியைக் கொண்டுபோய்ப் பணம் கட்டித் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாட்கள் உண்டாம். அதோடு ‘டிரிஃப்ட்’ வேறு. வளைவில் வண்டியின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, குறுக்காகவே கொண்டுபோவது. ஜப்பானில் மலைச்சாலையில் தொடங்கியது. செல்போனில் காட்டினான். டொயோட்டா ஏ.ஈ. 86 என்றொரு பழைய வண்டி, நம் கடலை மிட்டாய் டப்பா மாதிரி சதுரமாக இருக்கிறது, புகையைக் கக்கிக்கொண்டு நண்டு மாதிரி போகிறது.

“மாமா, பின்சக்கரம் இழுக்கிற வண்டிதான் இதுக்கு ஆகும். இப்ப வர்ற சின்ன வண்டியெல்லாம் முன்சக்கரம் இழுக்குது. அப்பா வண்டி பின்சக்கரம்.”

அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “நீ பார்த்துச் சொல்லுடா. நீ வேணாம்னா வேணாம்.” இப்படித்தான் பாரம் என் தலையில் ஏறியது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் கமான் பிரிவிலேயே பாதி சர்வீஸ் முடித்தவன் என்பதால் இரண்டு பேருமே என்னை நம்பினார்கள், ஆளுக்கொரு பதிலை எதிர்பார்த்து.

இளசுகளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்: மதராஸில் பந்தயம் என்றால் அப்போது சோழவரம்தான். யுத்தகாலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. வாலிபத்தில் இரண்டு முறை பஸ் மாறிப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு ஒற்றைச் சீட்டு வண்டிகளைவிட எனக்குப் பிடித்தது நம் தெருவில் ஓடுகிற ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறிக்கொண்டு போவதுதான். அந்த ஹெரால்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மதராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த வண்டி. பின்பக்கம் ஒரே கமான் குறுக்குவாட்டில் கிடக்கும். இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும். வேகமாக வளைத்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்ளே மடங்கும். நம் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1972இல் அதே கம்பெனி கெசல் வண்டியைக் கொண்டுவந்தபோது பின்பக்கம் பழைய மாதிரி ஒரே உருட்டு ஆக்ஸிலுக்குத் திரும்பிவிட்டது. புதுசு என்றால் எல்லா இடத்திலும் நல்லது என்று இல்லை என்பதை நான் அந்த வண்டியில்தான் பார்த்தேன்.

பத்மினியில் அந்தத் தொல்லை இல்லை. பின்பக்கம் இரண்டு நீளக் கமான், நடுவில் ஹவுசிங். லாரி, பஸ், அம்பாசிடர் எல்லாம் இதே குடும்பம். கமான் பட்டை செய்கிற வேலை ஒன்றல்ல. பாரம் தாங்குகிறது. ஹவுசிங்கை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது. பக்கவாட்டில் ஓடாமலும் பிடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஹவுசிங் மூக்கைத் தூக்கப் பார்க்கும், அதையும் அடக்குகிறது. ஒரே மருமகள் சமையல், மாடு, தறி எல்லாம் பார்க்கிற மாதிரி. சாதாரண ஓட்டத்தில் முணுமுணுக்காது. பந்தயத் தடத்தில்தான் மூச்சு வாங்கும்.

பையன் மூன்று யோசனையோடு வந்தான்.

முதலாவது, கமானையே தூக்கி எறிந்துவிட்டு நாலு தண்டு, சுருள் ஸ்பிரிங், குறுக்குத் தண்டு என்று ஏ.ஈ. 86 மாதிரி மாற்றுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு தண்டு, தகராறே இல்லை. ஆனால் பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். சுருள் ஸ்பிரிங் வைக்கவும் தண்டுகளைப் பிடிக்கவும் பின்தளத்தை வெட்டிப் புது இரும்பு பற்றவைக்க வேண்டும். அத்தான் புடவைக் கட்டு அடுக்கிய இடத்தை வெட்ட வேண்டும் என்று அர்த்தம். அக்காவிடம் இதை யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது, ஒரு கடையில் விற்கிற கட்டைகள். கமானுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் செருகினால் வண்டி இரண்டு அங்குலம் தாழ்ந்துவிடும். மலிவு, ஒரு மத்தியான வேலை. இதை நான் பேச்சுக்கே எடுக்கவில்லை. ஹவுசிங் கமானை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு நெம்புகோல் நீளம் கிடைக்கிறது. மிதித்ததும் பட்டை ‘எஸ்’ மாதிரி முறுக்கிக்கொள்ளும், பிறகு பட்டென்று நிமிரும், மறுபடி முறுக்கும். சக்கரம் தரையில் தடதடவென்று குதிக்கும். பணிமனையில் லோடு ஏற்றிய பழைய வண்டிகளில் இதைப் பார்த்திருக்கிறேன். சென்டர் போல்ட் அறுந்துபோனால் ஹவுசிங் ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். சாலையில் அது நடந்தால் ஓரம் கட்டலாம். வளைவில் குறுக்காகப் போகும்போது நடந்தால்?

மூன்றாவது யோசனை அவனுடையது பாதி, என்னுடையது பாதி. கமான் இருக்கட்டும், அதைச் சரியான கமானாக ஆக்குவோம்.

கொட்டகையிலேயே வண்டியைத் தூக்கிக் கட்டை கொடுத்து, கமானைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தோம். வருஷக்கணக்காக நின்ற வண்டி, பட்டைக்கு நடுவில் துரு ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒரே இரும்பு மாதிரி ஆகியிருந்தது. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் கமான், ஒட்டிக்கொண்டால் உத்தரம். இன்னும் தடித்த பட்டை போட்டால் என்ன என்று கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லியை 7 மில்லி ஆக்கினால் அந்தப் பட்டை ஒன்றரை மடங்குக்கும் மேலே விறைக்கும். ஒரு மில்லிதானே என்று நினைப்பது அங்கேதான் ஏமாற்றும். பின்பக்கம் அவ்வளவு விறைத்தால் வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும், டிஃபரன்ஷியல் முழுச் சக்தியையும் காற்றில் சுழல்கிற அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும். நாற்பது குதிரை எஞ்சினில் வீணாக்க என்ன இருக்கிறது?

அதனால் பட்டை பழையதே. துரு சுரண்டி, தேய்ந்தது ஒன்றை மட்டும் மாற்றி, தெரிந்த கமான் பட்டறையில் சூடு காட்டாமல் தட்டியே வளைவைச் சரிசெய்தோம். அடுப்பில் போட்டு வளைத்தால் எஃகின் பதம் போய்விடும், மூன்றே மாதத்தில் தொங்கும். நடுவில் கிராஃபைட் கிரீஸ். முறுக்குக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது: கமானின் முன்பாதியை மட்டும் கூடுதல் கிளிப் போட்டு இறுக்குவது. முன்பாதி கெட்டியாகி ஹவுசிங்கின் மூக்கை அடக்கும், பின்பாதி வழக்கம்போல ஆடும். செலவு சொற்பம். பையன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் மரியாதை தெரிந்தது.

புஷ் விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். அவன் எல்லா இடத்திலும் கெட்டி பாலியூரித்தேன் வேண்டும் என்றான். வண்டி ஒரு பக்கம் சாயும்போது கமான் கொஞ்சம் முறுக வேண்டும், எல்லா முனையையும் கெட்டியாகப் பிடித்தால் அது எங்கே முறுகும் என்றேன். கடைசியில் முன்கண்ணுக்குக் கெட்டி, பின்னால் ஷேக்கிளுக்கு ரப்பர். பக்கவாட்டு ஆட்டத்துக்குக் குறுக்குத் தண்டு ஒன்று, ஒரு முனை உடம்பில், மறுமுனை ஹவுசிங்கில். அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, வண்டி நிற்கும்போது படுக்கையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹவுசிங் மேலேறும்போதெல்லாம் பக்கவாட்டில் இழுக்கும். ஜேம்ஸ் வாட் 1784இல் நீராவி எஞ்சினுக்குக் கண்டுபிடித்த இணைப்பைப் போட்டால் அந்த இழுப்பும் இருக்காது என்று அவன் படித்துவிட்டு வந்தான். உண்மைதான். அதற்கு இடமும் பணமும் இல்லை.

பணம் என்றதும் சொல்ல வேண்டியது இதுதான். அவன் தன் போனஸ் பணத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டு ஷாக் அப்சார்பருக்கு ஒதுக்கி வைத்திருந்தான். சரியான இழுப்பு உள்ள ஷாக் முக்கியம்தான். கமான் நிமிரும்போது அடக்கிப் பிடிப்பது அதன் வேலை. ஆனால் கமானைக் கழற்றியபோது நான் பின் ஷேக்கிள் தொங்குகிற பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பணிமனைப் பழக்கம். வலதுபக்கம் ‘டங்’ என்றது. இடதுபக்கம் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் பளபளப்பாக, உள்ளே அப்பளம்.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இதோட அப்பா டி.நகர் போய்ட்டு வந்தாரா மாமா?” என்றான்.

தெரியாது. வண்டி நின்ற பிறகு அரித்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியை நம்பித்தான் அந்த மூலையே நிற்கிறது. தடத்தில் அது பிய்ந்தால் என்ன விலை ஷாக் போட்டிருந்தாலும் ஒன்றுதான். வெளிநாட்டு ஷாக் பணம் அப்படியே தகரத்துக்குப் போனது. அழுகியதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, சரியான தடிமனில் புதுத்தகடு வைத்து, இரண்டு பக்கமும் பற்றவைத்து, உள்ளே துருத்தடுப்பு அடித்தோம். ஷாக்குக்கு உள்ளூர்ச் சரக்கே, கொஞ்சம் கெட்டியான ரகம். தாழ்த்துவதையும் ஒரு அங்குலத்தோடு நிறுத்தினோம். அதற்குக் கீழே போனால் வளைவிலேயே ரப்பர் கட்டை இடிக்கும். இடித்த நொடியில் ஸ்பிரிங்கே இல்லாத வண்டியாகிப் பின்பக்கம் சொல்லாமல் ஓடிவிடும்.

அக்கா அந்த வெல்டிங்கைக் குனிந்து பார்த்தாள். “இதை வெட்டாதேன்னு நான்தானே சொன்னேன்” என்றாள். வெட்டியது அழுகல் மட்டும்தான், மிச்சம் அப்படியே இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டினேன். பின்சீட்டை மறுபடி மாட்டச் சொன்னாள். பந்தய வண்டியில் பின்சீட்டு கனம் என்று பையன் ஆரம்பித்தான். நான் கண்ணைக் காட்டினேன். மாட்டினான்.

இருங்காட்டுக்கோட்டையில் பத்மினிதான் அன்று கடைசி வேகம். நேர்ச்சாலையில் எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள். வளைவுகளில் மட்டும் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி சாய்ந்தது, ஆனால் குதிக்கவில்லை, பின்பக்கம் எப்போது விடுகிறது என்று கொஞ்சம் முன்னாலேயே சொன்னது. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை உள்ளே வரச் சொல்லி யு போல்ட்டை நானே தொட்டுப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய கமான் முதல் நூறு கிலோமீட்டருக்குள் இறங்கி உட்காரும், போல்ட் தளரும். இரண்டு போல்ட் கால் சுற்று ஏறியது.

டிரிஃப்ட் நடக்கவில்லை. காய்ந்த தரையில் அந்த எஞ்சினுக்கு அது முடியாத காரியம். டிஃபரன்ஷியலை வெல்டிங் பண்ணி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் வழுக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆக்ஸில் தண்டு முறியும், அப்பா வண்டியில் வேண்டாம் என்றேன். ஒத்துக்கொண்டான். இப்போது 118 என்.ஈ. ஒன்று தேடுகிறான். ஃபியட் 124 உடம்பு, பின்பக்கம் சுருள் ஸ்பிரிங், குறுக்குத் தண்டு எல்லாம் கம்பெனியே போட்டது, நிசான் எஞ்சின். வாலாஜாபாத் பக்கம் ஒன்று மரத்தடியில் நிற்கிறதாம். வருகிற ஞாயிறு பார்க்கப் போகிறோம். ஸ்க்ரூ டிரைவரை அவனே எடுத்து வைத்திருக்கிறான்.