கொஞ்சம் கை நீட்டுவார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலோசகர் அல்ல. நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில், வீட்டில் அடி உதை பட்டுத் தப்பி வரும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் ஒரு மையத்தில் மூன்று மாதம் தொண்டூழியராக இருந்தேன், அவ்வளவுதான். அந்த மையத்தின் பெயரை எழுத மாட்டேன். அடைக்கல இல்லத்தின் முகவரி வெளியே தெரியக்கூடாது என்பதே அங்கு நான் கற்ற முதல் பாடம். கீழே வரும் அக்காவின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் தமிழ். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழும் மலாயும் கைவசம் என்ற நினைப்பு எனக்கு. கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் ஆயிற்றே!

பயிற்சி மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. “ஏன் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டீர்கள்?” என்று கேட்கக்கூடாது. புத்திமதி சொல்லக்கூடாது. வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, உங்களை நான் நம்புகிறேன் என்பதுதான். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டு பிள்ளைகளோடும், பிறப்புப் பத்திரங்கள் திணித்த ஒரு பிளாஸ்டிக் பையோடும் வந்து சேர்ந்த அந்த அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

“நான் உங்கள நம்புறேன் அக்கா.”

அவர் அழுதுகொண்டிருந்தவர், சிரித்துவிட்டார். “என்னை நம்பி நீ என்னம்மா செய்யப் போற? நானே போக்கிடம் இல்லாம வந்திருக்கேன்.”

மலாயில் சரியாக இருந்த வாக்கியம் தமிழில் வேறொன்றாகிவிட்டது. பிறகு பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டு, மைலோ கலக்கிக் கொடுத்தேன். அதன்பிறகுதான் பேசினார்.

அவருடைய பெரிய பயம் அடி அல்ல. “கோயில்ல தாலி கட்டினதோட சரிம்மா, பதியல. போலீஸ்ல போய் வீட்டுக்காரர்னு எப்படிச் சொல்றது?” என்றார். நம்மவர்களில் எத்தனை பேர் இந்தப் பயத்தோடு வாயடைத்துக் கிடக்கிறார்களோ! 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், சமய அல்லது வழக்கப்படி சடங்கு செய்து மணந்தவரையும் துணைவராகவே கருதுகிறது, பதிவு இல்லாவிட்டாலும். 2017-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம், நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இதை அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அன்றிரவே காவல் நிலையம் போனோம். அக்காவுக்கு மலாய் கடைகண்ணிக்குப் போதும், புகாருக்குப் போதாது. எங்கள் மூத்த ஆலோசகர் சீனர், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் ஏறியது. தட்டச்சு செய்த காவலர் பொறுமையானவர். பிழை என்னுடையது.

“குடிச்சிட்டு வந்தா கொஞ்சம் கை நீட்டுவாரு” என்றார் அக்கா.

கை நீட்டுவதைச் சொல்லுக்குச் சொல் மலாய்க்கு மாற்றினால் உதவிக்கரம் நீட்டுவதாகிவிடும். அந்த விபத்தைத் தவிர்த்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ‘பூக்கோல் சிக்கிட்’ என்று சொன்னேன். கொஞ்சம் அடிப்பார். காவலர் அப்படியே அடித்தார். அக்கா கையெழுத்திட்டார்.

மறுநாள் அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம். இப்படி வருபவர்கள் பிரிவு பிரிவாக அலையாமல், மருத்துவர், போலீஸ், சமூகநலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஏற்பாடு கோலாலம்பூர் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. எக்ஸ்ரேயில் இடது முழங்கைக்குக் கீழே பழைய முறிவு ஒன்று, சரியாகக் கூடாமல் தெரிந்தது. முதுகில் ரப்பர் குழாயின் தடங்கள். மருத்துவர் எழுதிக்கொண்டே போனார்.

ஆலோசகர் புகாரின் நகலில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். “இந்த ‘சிக்கிட்’ யாருடையது? அவருடையதா, உன்னுடையதா?”

அவர்தான் சொன்னார் என்றேன். சொன்னது உண்மை. ஆனால், “கொஞ்சம் தண்ணி கொடுங்க” என்று கேட்பவர் அரை டம்ளரா கேட்கிறார்? அக்காவின் ‘கொஞ்சம்’ அளவு அல்ல, கூச்சம். முன்பின் தெரியாத ஆணின் முன்னால், மகள் வயதுப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு, தன் வீட்டு அசிங்கத்தைச் சொல்ல நேர்ந்த கூச்சம். அதை நான் அளவாக்கி எழுத வைத்துவிட்டேன். நாளை யாராவது ஒரு வழக்கறிஞர், “கொஞ்சம்தானே அடித்தார், நீங்களே சொல்லியிருக்கிறீர்களே” என்று கேட்டால்? அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாலையில் கூடுதல் புகார் கொடுக்கப் போனோம். இம்முறை எதனால், எங்கே, எத்தனை தடவை, கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கையெழுத்துக்கு முன் வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். பிறகு விசாரணை அதிகாரி எடுக்கும் 112-ஆம் பிரிவு வாக்குமூலத்தை, அவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டித் திருத்த வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். இதையும் நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். படிக்கும்போது ஓரிடத்தில் அக்கா என் கையைப் பிடித்தார். “மூணு தடவை இல்லம்மா. கை உடைஞ்சப்ப, வயித்துல சின்னவன் இருந்தான். அதையும் போடு.”

போட்டோம்.

இந்தக் கதை நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான். ஐந்து வாரம் கழித்து அக்கா வீட்டுக்கே திரும்பிவிட்டார். மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. “அவர் மறுபடி வந்தால் கதவைத் திறப்பவர் முகத்தில் இந்தக் கோபம் இருக்கக்கூடாது” என்றார் ஆலோசகர். அந்தப் புகாரின் நகலை அக்கா மடித்து, பிறப்புப் பத்திரங்களோடு பையில் வைத்ததைப் பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். (இந்தக் ‘கொஞ்சம்’ அளவுதான்.)

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பெண்கள் சொல்லும் சொற்களை ஒரு பக்கம் எழுதி, அதைக் கேட்டால் நான் அடுத்துக் கேட்க வேண்டியதை எதிர்ப்பக்கம் எழுதுகிறேன். ‘கோவக்காரரு’, ‘ராத்திரியில தொந்தரவு’, ‘குடிச்சா மட்டும்’, ‘செலவுக்குக் கேட்டா பிடிக்காது’. தமிழ்ப்பள்ளியில் இணைமொழி, மரபுத்தொடர் என்று பக்கம் பக்கமாக மனனம் செய்தோம். ‘கை நீட்டுதல்’ அந்தப் பட்டியலில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, முறுக்கு பிழிந்துகொண்டே அம்மா உறவுக்காரச் சித்தி ஒருவரைப் பற்றிப் பேசினார். “அவரு நல்ல மனுசன்தான். என்ன, கொஞ்சம் கை நீட்டுவாரு.”

“கொஞ்சம்னா எவ்வளவும்மா?” என்றேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் பொரித்து முடித்து, கையைக் கழுவிய பிறகு, “அந்த உதவி நம்பர் என்னமோ சொன்னியே” என்றார். 15999 என்றேன். நாள்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.